மில் ஓபிஸ் மெயில் சேர்வரை வெளியில இருந்து பார்க்கிறது எப்பிடி? (4ஜி றூட்டர்)

மில்லடி
வணக்கம் எல்லாருக்கும். பரந்தன் பக்கம் ஒரு அரிசி மில்லில கணக்கு வேலை பார்க்கிறன், கொம்பியூட்டர் கொஞ்சம் தெரியும் எண்டதால மெயில் சேர்வரும் இப்ப என்ர தலையில வந்து விழுந்திருக்கு. முந்தி இதைச் செட் பண்ணித் தந்த பெடியன் கனடாவுக்குப் போட்டான், ஏதும் கேட்டால் மறுமொழி வர நாள்க்கணக்காகும்.

நிலைமை இதுதான். ஓபிசுக்குள்ள ஒரு சின்னப் பெட்டி, டெபியன் லினக்ஸ், மெயில் அனுப்ப போஸ்ட்ஃபிக்ஸ், ஆக்கள் மெயில் வாசிக்க டவ்கொட். டொமைன் கொழும்பில ஒரு ஹோஸ்டிங் கம்பனியில கிடக்கு, அங்க ஒரேயொரு மெயில் பெட்டிதான் எடுத்திருக்கு, எங்கட சேர்வர் அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா ஃபெட்ச்மெயிலால அதைப் போய் அள்ளிக்கொண்டு வந்து ஆளாளுக்குப் பிரிச்சுக் குடுக்கும். வெளியில போற மெயிலும் ஹோஸ்டிங்கின்ர எஸ்எம்டிபியாலதான் போகுது. ஓபிசுக்குள்ள ஒரு குறையுமில்லை.

பிரச்சினை வெளியில. நெல்லு வாங்கப் போற ரெண்டு பேர் அறுவடை நேரம் முழுக்க ஒட்டுசுட்டான், மல்லாவி, துணுக்காய் எண்டு திரிவினம், முதலாளி பாதி நாள் வவுனியா வீட்டில. இவையளுக்குப் போனில மெயில் வேணும். முந்தி செம்பு லைன் இருக்கேக்க எப்பிடியோ வேலை செய்தது, போன மாரி இடி விழுந்து லைனும் றூட்டரும் சேர்ந்து போச்சு, இப்ப 4ஜி றூட்டர். அதில போர்ட் ஃபோர்வர்டிங் (வெளியில இருந்து வாறதை உள்ள இருக்கிற சேர்வருக்குத் தள்ளி விடுறது) போட்டு மெயில் போர்ட் 143, 25 ரெண்டையும் திறந்து விட்டிருக்கிறன், ஆனா வெளியில இருந்து ஒண்டும் எட்டுதில்லை. என்ன செய்யலாம்?

வவுனியாப்பெடியன்
அண்ணை டைனமிக் டிஎன்எஸ் (ஐபி மாறினாலும் ஒரே பேரில பிடிக்கிற வசதி) ஒண்டு ஃப்ரீயா எடுத்துப் போடுங்கோ, 4ஜில ஐபி அடிக்கடி மாறும் அதுதான் பிடிபடாமல் இருக்கும். இல்லாட்டி சேர்வரின்ர ஐபியை டிஎம்செட்டில போட்டுப் பாருங்கோ, எல்லாப் போர்ட்டும் ஒரேயடியாத் திறக்கும்.

வயர்காரன்
தம்பி மில்லடி, டிஎம்செட்டைத் தொடாதையுங்கோ. ஒரு அலுவல் முதல்ல பார்த்துச் சொல்லுங்கோ. றூட்டருக்குள்ள போய் ஸ்டேட்டஸ் பக்கத்தில வான் ஐபி (WAN IP, றூட்டருக்கு வெளிப்பக்கம் கிடைச்ச இலக்கம்) எண்டு ஒண்டு இருக்கும், அதைக் குறிச்சுக் கொள்ளுங்கோ. பிறகு அதே லைனில ஒரு கொம்பியூட்டரில இருந்து "என்ர ஐபி என்ன" எண்டு காட்டுற ஏதாவது சைட்டைத் திறந்து பாருங்கோ. ரெண்டும் ஒண்டோ வேறயோ?

மில்லடி
வேற அண்ணை. றூட்டரில 100.86 எண்டு தொடங்குது. வெளியில பார்த்தால் 112இல தொடங்கிற வேற ஒண்டு.

வயர்காரன்
அப்ப கதை முடிஞ்சுது, நீங்கள் எத்தினை போர்ட் திறந்தாலும் வராது. 100.64இல இருந்து 100.127 வரைக்கும் இருக்கிற இலக்கம் எல்லாம் இதுக்கெண்டே 2012இல ஒதுக்கி விட்டது, சிஜிநட் எண்டு சொல்லுறது. ஐபிவி4 இலக்கம் காணாததால சேவை குடுக்கிறவை கனக்க வாடிக்கையாளருக்கு ஒரு பொது ஐபியைப் பங்கு போட்டுக் குடுக்கினம். உங்களிட்ட இருந்து வெளியில போறது போகும், மறுமொழியும் திரும்பி வரும், ஆனா வெளியில இருந்து தானா வாற ஒண்டு அந்தப் பொது ஐபிக்கு வந்து நிக்கும். லொட்ஜில தங்கியிருக்கிற ஆளுக்கு ரூம் நம்பர் இல்லாமல் கடிதம் போட்ட மாதிரி, வாசலில இருக்கிறவருக்கு ஆரிட்டக் குடுக்கிறதெண்டு தெரியாது. உங்கட றூட்டருக்கு அது வந்து சேரவே மாட்டுது, பிறகென்ன ஃபோர்வர்டிங்.

டைனமிக் டிஎன்எஸ் போட்டாலும் அந்தப் பொது ஐபியைத்தான் காட்டும், பிரயோசனமில்லை.

ஒரு விதத்தில நல்லதாப் போச்சு எண்டுதான் நான் சொல்லுவன். 143 சும்மா திறந்து கிடந்தால் பாஸ்வேர்ட் மூடிக் கட்டாமல் போகக்கூடிய வழி அது. 25 இந்த வேலைக்குத் தேவையே இல்லை, அது சேர்வரும் சேர்வரும் கதைக்கிறதுக்கு. ஆக்கள் போனில இருந்து அனுப்ப 587 இல்லாட்டி 465, வாசிக்க 993. பொது ஐபியோட 25ஐத் திறந்து விட்டு ரிலே செட்டிங்கும் (ஆற்ற மெயிலைக் கடத்தி விடலாம் எண்டது) பிழைச்சிருந்தால், ஊர் உலகத்துக் குப்பை மெயில் எல்லாம் உங்கட மில் பேரில போய், டொமைன் கறுப்புப் பட்டியலில ஏறிக் கிடந்திருக்கும்.

குளக்கட்டு
நான் கொஞ்சம் பழைய ஆள், நேரடியாச் சொல்லுறன், கோவிக்காதையுங்கோ. ஒரு அரிசி மில்லுக்கு என்னத்துக்குச் சொந்த மெயில் சேர்வர்? ஹோஸ்டிங்கிலயே ஆளுக்கொரு பெட்டி வாங்கி விட்டால் போனிலயும் வரும், ஓபிசிலயும் வரும், போர்ட் திறக்கிறதும் வேண்டாம் ஒண்டும் வேண்டாம். 2022இல ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினதை மறந்திட்டியளோ, அந்த நேரம் உந்தப் பெட்டி என்ன செய்தது? இடி விழுந்து லைன் போனது எண்டு நீங்களே எழுதியிருக்கிறியள். வன்னியில ஐப்பசி கார்த்திகையில பின்னேரமானால் பிளக்கைக் கழட்டிப் போட்டு இருக்கிற சனம் நாங்கள், இதுக்குள்ள இருபத்திநாலு மணித்தியாலம் ஓடுற சேர்வர் ஒண்டு.

மில்லடி
கோவமில்லை அண்ணை, முதலாளியிட்ட நானும் இதைத்தான் முதல் சொன்னனான். ஆள் தலைக்கு மாசம் மாசம் டொலரில கட்டுறதோ எண்டு நிக்கிறார். அதோட தராசடியில ஸ்கான் பண்ணிற துண்டு, லொறி போட்டோ எல்லாம் மெயிலாலதான் ஓபிசுக்கு வருது, நாளுக்கு நூற்றுக்கணக்கில. லைன் விழுந்த நாளிலயும் உள்ளுக்குள்ள அது நிக்காமல் ஓடும். எல்லாத்தையும் கொழும்புக்கு அனுப்பித் திரும்ப எடுக்க 4ஜி டேட்டா காணாது.

வயர்காரன்
குளக்கட்டு அண்ணை சொல்லுறதில நியாயம் இருக்கு, புதுசா ஒருத்தர் தொடங்கினால் நானும் அதைத்தான் சொல்லுவன். ஆனா இங்க மெயில் வந்து இறங்கிற இடம் ஏற்கெனவே கொழும்பில. மில்லில கரண்ட் போனாலும் மெயில் துலையாது, ஹோஸ்டிங் பெட்டியில சேர்ந்து கிடக்கும், கரண்ட் வந்தாப் பிறகு ஃபெட்ச்மெயில் அள்ளும். அப்ப மெயில் ஓட்டத்தில கை வைக்கத் தேவையில்லை. வெளியில இருக்கிற நாலைஞ்சு போன் உள்ளுக்குள்ள இருக்கிற டவ்கொட்டை எட்ட ஒரு வழி, அவ்வளவுதான் கேள்வி.

வழி இது. வெளிநாட்டில ஒரு சின்ன விபிஎஸ் (வாடகைச் சேர்வர்) எடுங்கோ, சிங்கப்பூர் இல்லாட்டி இந்தியாப் பக்கம் எண்டால் இங்கையிருந்து தாமதம் குறைவு, ஆகச் சின்னதே காணும், மாசம் 5 டொலருக்கு உள்ள வரும். அது தலைக்கில்லை, மொத்தத்துக்கு, முதலாளியிட்ட அதைச் சொல்லுங்கோ. அதுக்குப் பொது ஐபி இருக்கும். அதில வயர்காட் (ரெண்டு இடத்துக்கு இடையில பூட்டின டனல் போடுற விபிஎன்) போடுங்கோ, லினக்ஸ் கேர்னல் 5.6இல இருந்து, 2020இல இருந்து, உள்ளயே இருக்கு, wireguard-tools எண்ட பக்கேஜை மட்டும் இன்ஸ்டால் பண்ணினால் சரி. மில் சேர்வர் தானா வெளிக்கிட்டு விபிஎஸ்ஸோட கதைக்கும், வெளியில போறதுக்கு சிஜிநட் தடையில்லை. போன்களும் விபிஎஸ்ஸுக்குத்தான் வரும். ரெண்டும் அங்க சந்திக்கும்.

மில் பக்கத்துக் கொன்ஃபிக்கில பெர்சிஸ்டன்ட் கீப்பலைவ் 25 எண்டு போட மறக்காதையுங்கோ. 25 செக்கனுக்கு ஒருக்கா ஒரு சின்னப் பக்கெட் போய்க்கொண்டிருக்கும், இல்லாட்டிக் கொஞ்ச நேரம் சும்மா இருக்க சிஜிநட் அந்த வழியை மூடிப் போடும், பிறகு போனில இருந்து கூப்பிட்டால் மறுமொழி இராது. எண்ட்பொயின்ட் (எங்க போய்ச் சேர வேணும்) எண்ட இடத்தில பேர் போடாமல் விபிஎஸ்ஸின்ர ஐபி இலக்கத்தையே போடுங்கோ. கரண்ட் வந்த உடன சேர்வர் சட்டெண்டு எழும்பிடும், 4ஜி றூட்டர் சிக்னல் பிடிக்கச் சுணங்கும், அந்த இடைவெளியில பேரைத் தேடித் தேடிக் கிடைக்காமல் வயர்காட் தொடங்காமலே நிண்டிடும்.

விபிஎஸ்ஸில ஐபி ஃபோர்வர்டிங் (போனில இருந்து வாறதை மில் பக்கம் கடத்தி விடுறது) ஒண் பண்ண வேணும், யுடிபி 51820 திறக்க வேணும், கம்பனியின்ர பனலில தனியா ஒரு ஃபயர்வால் இருந்தால் அதிலயும் திறக்க வேணும். கனபேர் அங்கதான் அரை நாள் மாய்வினம். மில் சேர்வரில டனல் பக்கம் 993, 587 மட்டும் விடுங்கோ, மற்றதெல்லாம் பூட்டு.

வவுனியாப்பெடியன்
டெயில்ஸ்கேல் போட்டால் விபிஎஸ்ஸே தேவையில்லையே அண்ணை? நான் வீட்டில அதுதான் பாவிக்கிறன், லொகின் பண்ணினால் சரி, சிஜிநட்டுக்குள்ளால தானே துளைச்சுக்கொண்டு போகும்.

வயர்காரன்
ஓம் தம்பி, அதுவும் உள்ளுக்குள்ள வயர்காட்தான், சின்ன இடத்துக்கு நல்லது. மில்லடிக்கு கொன்ஃபிக் எழுதப் பஞ்சி எண்டால் அதையே போடலாம். அது குடுக்கிற இலக்கமும் 100இலதான் தொடங்கும், அதே 100.64 கூட்டத்துக்குள்ள, றூட்டரின்ர வான் ஐபி எண்டு மாறி விளங்கிக் குழம்ப வேண்டாம். என்ர விருப்பம் விபிஎஸ்தான், ஏனெண்டால் ஆர் உள்ள வரலாம் எண்ட பட்டியல் எங்கட கையில இருக்கும், இன்னொரு கம்பனியின்ர லொகினில தொங்கத் தேவையில்லை. அது அவரவர் விருப்பம்.

கரைச்சிஅக்கா
நான் ரெக்னிக்கல் ஆளில்லை, ஓபிஸ் நிர்வாகம் பார்க்கிற ஆள், எங்கட இடத்திலயும் இப்பிடி ஒண்டு போட்டுத் தந்தவை. ஆக்கள் பக்கத்தில நடக்கிறதைச் சொல்லுறன் தம்பி. போட்டுக் குடுத்த நாளே எல்லாற்ற போனிலயும் யூடியூப் மெதுவா ஓடுது எண்டு சனம் சண்டைக்கு வந்திட்டுது. ஒரு ஐயா கோவத்தில அப்பைத் தூக்கி எறிஞ்சிட்டு மெயில் வரேல்ல எண்டு பிறகு எனக்கு அடிச்சுக் கத்தினார். பிறகு செட் பண்ணின பிள்ளை வந்து ஏதோ மாத்தினது, சரியாப் போச்சு. என்ன மாத்தினதெண்டு எனக்குத் தெரியாது ஆனா அதை முதலே செய்யுங்கோ.

வயர்காரன்
அக்கா, அது அலௌட் ஐபிஸ், எந்த இலக்கத்துக்குப் போறது டனலால போக வேணும் எண்ட பட்டியல். போனில 0.0.0.0/0 எண்டு போட்டிருப்பினம், போனின்ர ஒட்டுமொத்தப் போக்குவரத்தும் சிங்கப்பூர் சுத்தி வரும். உள் இலக்கத்தை மட்டும் போடுங்கோ தம்பி, 10.77.0.0/24 எண்டு வைச்சால் அதை மட்டும். மெயில் மட்டும் டனலால போகும், யூடியூப் தன்ர பாட்டில போகும். அப்ப அப்பை எந்த நேரமும் ஒண்ணில விடலாம், ஆரும் கழட்ட மாட்டினம்.

ஒட்டுசுட்டான் பக்கம் போறவைக்கு இதில இன்னொரு நன்மை. ஏ34 ரோட்டில மாங்குளத்தில இருந்து முல்லைத்தீவுப் பக்கம் போகேக்க சிக்னல் வந்து வந்து போகும், ரவர் மாற மாற ஐபியும் மாறும். வயர்காட் அதைப் பெரிசா எடுக்காது, சிக்னல் வந்த உடன விட்ட இடத்தில இருந்து ஓடும், திரும்ப லொகின் எண்டு ஒண்டுமில்லை. பழைய விபிஎன் எல்லாம் அந்த இடத்தில தொங்கிப் போய் நிக்கும்.

மில்லடி
விபிஎஸ் எடுத்தாச்சு, முதலாளியின்ர பாங்க் காட்டில வெளிநாட்டுக் கட்டணத்தை பாங்கில சொல்லித் திறந்து விட்டவர். டனல் எழும்பீட்டுது, என்ர போனில மெயில் வருகுது!! பெரிய சந்தோசம். ஆனா ரெண்டு வில்லங்கம். ஒண்டு, சின்ன மெயில் எல்லாம் டக்கெண்டு வருது, பிடிஎஃப் வைச்ச மெயில் திறந்தால் சுத்திக்கொண்டே நிக்குது, கடைசில ஒண்டுமில்லை. ரெண்டாவது, முதலாளிக்கு ரெண்டு போன், ரெண்டிலயும் போட்டுக் குடுத்தனான், ஒண்டில வந்தால் மற்றதில நிண்டிடுது, பிறகு அதில வந்தால் இதில நிக்குது.

வயர்காரன்
ரெண்டாவது சுகமான கேள்வி. ரெண்டு போனுக்கும் ஒரே கியூஆர் கோடைக் காட்டி எடுத்திருப்பியள். ஒரு சாவிக்கு ஒரு இடம்தான் விபிஎஸ் ஞாபகம் வைச்சிருக்கும், கடைசியா எங்கையிருந்து வந்ததோ அங்கதான் மறுமொழி அனுப்பும், அப்ப ரெண்டு போனும் ஒண்டையொண்டு தள்ளி விழுத்தும். போனுக்கொரு சாவி, போனுக்கொரு உள் இலக்கம், தனித்தனியாச் செய்யுங்கோ. அந்தக் கியூஆருக்குள்ள இருக்கிறது ரகசியச் சாவி, அதைப் படம் பிடிச்சு ஓபிஸ் வைபர் குரூப்பில போட்டிராதையுங்கோ, ஆளை முன்னால இருத்தி வைச்சு ஸ்கிரீனில காட்டி எடுங்கோ. நாளைக்கு ஒரு போன் துலைஞ்சாலும் ஒராள் வேலையை விட்டுப் போனாலும் அந்த ஒரு சாவியை மட்டும் விபிஎஸ்ஸில அழிச்சால் காணும், மற்ற ஆக்களுக்கு ஒரு கரைச்சலும் இல்லை. அதோட அந்தாளின்ர மெயில் பாஸ்வேர்டையும் மாத்துங்கோ.

முதலாவது எம்டியு, ஒரு பக்கெட் எவ்வளவு பெரிசா இருக்கலாம் எண்ட அளவு. வயர்காட் வழமையா 1420 எண்டு வைக்கும், 4ஜி வழியில இடையில எங்கையோ அந்த அளவுப் பக்கெட் கொள்ளாமல் விழுத்துப்படுது. சின்ன மெயில் சின்னப் பக்கெட், தப்பிடும். பிடிஎஃப் வரேக்க பக்கெட் நிறைஞ்சு வரும், மாட்டுப்படும். மில் பக்கமும் போன் பக்கமும் எம்டியுவை 1280 எண்டு போட்டுட்டுச் சொல்லுங்கோ.

மில்லடி
1280 போட்டன், பிடிஎஃப் பறக்குது அண்ணை. சாவியும் தனித்தனியாச் செய்து குடுத்தாச்சு, முதலாளி ரெண்டு போனையும் மேசையில பக்கத்துப் பக்கத்தில வைச்சுப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்.

குளக்கட்டு
நல்லது. ஒருக்கா மெயின் சுவிச்சை நிப்பாட்டிப் போட்டுப் பாருங்கோ, அப்பத் தெரியும்.

மில்லடி
குளக்கட்டு அண்ணையின்ர வாயில சனியன் தான் இருக்கு. நான் நிப்பாட்ட முதலே நேற்று இரவு மழையோட கரண்ட் போச்சு, யுபிஎஸ் பற்றறியும் இறங்கி சேர்வர் முழுசா நிண்டு விடியத்தான் வந்தது. றூட்டர் ஒண், சேர்வர் ஒண், ஓபிஸ் கொம்பியூட்டரில இன்டர்நெட் இருக்கு, ஆனா டனல் இல்லை. சேர்வரில வயர்காட்டை எத்தினை தரம் திரும்பத் தொடக்கினாலும் வரேல்ல. கடைசில விபிஎஸ் பக்கம் வயர்காட்டை நிப்பாட்டித் தொடக்கினன், உடன வந்திட்டுது! ஏனெண்டு விளங்கேல்ல. அதோட ஃபெட்ச்மெயிலும் விடிய இருந்து ஒண்டும் எடுக்கேல்ல, லொக்கில சேர்ட்டிஃபிக்கேட் இன்னும் செல்லுபடியாகேல்ல எண்ட மாதிரி எழுதியிருக்கு.

வயர்காரன்
சேர்வரில இப்ப திகதி என்ன எண்டு அடிச்சுப் பாருங்கோ.

மில்லடி
2015 சனவரி 1!! என்ன இது

வயர்காரன்
மதர்போர்ட்டில காசு மாதிரி வட்டமா ஒரு பற்றறி இருக்கும், சிஆர்2032, அது செத்திட்டுது. கரண்ட் முழுசாப் போனால் பெட்டிக்கு நேரம் மறந்து போகும். யுபிஎஸ் தாங்கிக்கொண்டு இருந்த மட்டும் ஆருக்கும் தெரியாது.

இப்ப ரெண்டு சம்பவமும் விளங்கும். ஹோஸ்டிங்கின்ர சேர்ட்டிஃபிக்கேட் இந்த வருசம் குடுத்தது, 2015இல நிக்கிற பெட்டிக்கு அது இனி வரப்போற ஒண்டு, அதுதான் ஃபெட்ச்மெயில் மாட்டன் எண்டு நிண்டது. வயர்காட் கை குடுக்கேக்க நேர முத்திரை ஒண்டு வைச்சு அனுப்பும், ஒரு சாவியில இருந்து கடைசியா வந்த நேரத்தை விபிஎஸ் ஞாபகம் வைச்சிருக்கும், அதுக்கு முந்தின நேரத்தோட ஒண்டு வந்தால் ஆரோ பழசைப் பிடிச்சுத் திரும்ப அனுப்புறான் எண்டு பேசாமல் விட்டிடும், ஒரு மறுமொழியும் குடுக்காது. விபிஎஸ் பக்கம் நிப்பாட்டித் தொடக்க அந்த ஞாபகம் அழிஞ்சு போச்சு, அதால வந்தது. அதுதான் மில் பக்கம் நீங்கள் எத்தினை தரம் தொடக்கியும் பிரயோசனம் இல்லாமல் போனது.

பற்றறி கிளிநொச்சி ரவுனில மணிக்கூட்டுக் கடையிலயும் கிடைக்கும். அதை மாத்திப் போட்டு, சேர்வர் இன்டர்நெட்டில இருந்து தானா நேரம் எடுக்கிற மாதிரி விடுங்கோ, முந்தின பெடியன் அதை ஓஃப் பண்ணி வைச்சிருக்கிறான் போல. அது டனலால போகத் தேவையில்லை, நேரா றூட்டரால போகட்டும், இல்லாட்டி நேரம் சரிவர டனல் வேணும், டனல் வர நேரம் வேணும் எண்டு ரெண்டும் ஒண்டையொண்டு பார்த்துக்கொண்டு நிக்கும். பயோசில கரண்ட் வந்தால் தானா ஒண் ஆகிறதையும் ஒருக்கா பாருங்கோ.

மில்லடி
பற்றறி மாத்தியாச்சு, நேரமும் எடுக்குது. குளக்கட்டு அண்ணை சொன்னமாதிரி இப்ப நானே மெயின் சுவிச்சை நிப்பாட்டி, யுபிஎஸ்ஸையும் கழட்டிப் போட்டுத் திருப்பிப் போட்டன், கை வைக்காமலே டனல் வந்திட்டுது. மல்லாவியில நிக்கிற பெடியன் வயலில இருந்தே தராசுத் துண்டை அனுப்பினவன்.

கரைச்சிஅக்கா
சந்தோசம் தம்பி. வெளியில திரியிற பெடியளுக்கு ஒரு தாளில எழுதிக் குடுங்கோ, மெயில் வராட்டி முதல் பார்க்க வேண்டியது போனில விபிஎன் சாவி அடையாளம் மேல தெரியுதோ எண்டு. இல்லாட்டி இரவு பதினொரு மணிக்கும் உங்களுக்குத்தான் அடிப்பினம்.

குளக்கட்டு
சரி ஒத்துக்கொள்ளுறன், வேலை செய்யுது. ஆனா ஒண்டு கேக்கிறன், அந்த விபிஎஸ் பில்லும் டொமைன் புதுப்பிக்கச் சொல்லி வாற மெயிலும் எந்த அட்ரசுக்கு வருது?

மில்லடி
மில் அட்ரசுக்குத்தான் அண்ணை, முதலாளியின்ர பேரில.

குளக்கட்டு
பாருங்கோ. டொமைன் காலாவதியானால் டொமைன் காலாவதியாகுது எண்ட மெயில் வராது. முதலாளி காட் மாத்தினால் விபிஎஸ் நிக்கும், நிக்கப்போகுது எண்ட மெயில் ஓபிசில வந்து கிடக்கும், அவர் வவுனியாவில இருந்து வாசிக்க ஏலாது.

வயர்காரன்
அது நூறு வீதம் சரி. ரெண்டு கணக்கிலயும் வெளி மெயில் அட்ரஸ் ஒண்டைக் குடுங்கோ, ஜிமெயிலோ எதுவோ, முதலாளியும் நீங்களும் ரெண்டு பேரும் பார்க்கக்கூடியதா. விபிஎஸ் பனல் பாஸ்வேர்டை மறந்தால் மாத்திற லிங்கும் அங்கதான் வர வேணும். இண்டைக்கே செய்யுங்கோ.

மில்லடி
செய்யிறன் அண்ணை. டொமைன் இன்னும் கனடாப் பெடியன்ர பேரிலதான் கிடக்கு போல, அவனிட்டத்தான் இனிக் கேக்க வேணும்.